பழம் உலராமல் ஊர் உலர்ந்த வருஷம்

வெரோனா நகரத்துக்கு வடக்கே, வல்பொலிச்செல்லா மலைச்சரிவில், பியெத்ரால்தா என்ற ஊரில், பரணில் பரப்பி வைத்த திராட்சைப் பழங்கள் உலர மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்று, அவற்றுக்குப் பதிலாக ஊர்ச்சனம் உலரத் தொடங்கிய அந்த வருஷத்தில், விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அருள்மலர்தான். அவளுக்கு ஏதோ ஞானக்கண் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திங்கட்கிழமை தவறாமல் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற சீவன் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

மற்ற ஊர்களில் பழத்தைப் பறித்த கையோடு பிழிந்துவிடுவார்கள். பியெத்ரால்தாக்காரர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. புரட்டாசியில் பறித்த குலைகளை மூங்கில் தட்டிகளில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, பரணின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மலைக்காற்று வந்து தன் வேலையைப் பார்க்கட்டும் என்று தை மாதம் வரை காத்திருப்பார்கள். அந்த நூற்றுச் சொச்சம் நாட்களில் பழம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், தண்ணீர் போகும், இனிப்பும் கறுப்பும் மிஞ்சும், மிஞ்சியதைப் பிழிந்தால் வருகிற தடித்த வைனுக்கு அமரோனே என்று பெயர். ஒரே வகைப் பழத்தில் அது வராது. அண்டங்காக்கையின் பெயர் கொண்ட கொர்வீனா வேண்டும், அதன் பெரிய சகோதரன்போல் இருக்கிற கொர்வினோனே வேண்டும், தூக்கணாங்குருவி நிறமுள்ள ரொந்தினெல்லா வேண்டும், மா அரைக்கிற ஆலையில் வேலை செய்தவன்போல உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சோடு நிற்கிற மொலினாராவும் கொஞ்சம் வேண்டும். இந்த நாலும் சேர்ந்தால்தான் அது அந்த ஊர் வைன் என்று பாட்டன் பூட்டன் காலம் முதல் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

நம்பிக்கையில் கைவைத்தவர் ஒத்தாவியோ. பரணும், பரணுக்குக் கீழே இருந்த கூடமும், சரிவில் பாதித் தோட்டமும் அவருடையவை. அந்த வருஷம் பங்குனியில் நகரத்திலிருந்து ஒரு வைன் நிபுணரை வரவழைத்தார். நிபுணர் மூன்று கிளாஸ் குடித்து, மூன்றையும் துப்பிவிட்டு, மொலினாராவில் நிறம் இல்லை, கனம் இல்லை, இந்தக் காலத்தில் வாங்குகிறவன் கனத்தைத்தான் தேடுகிறான், சட்டமே இப்போது அந்தப் பழத்தைக் கட்டாயம் என்று சொல்வதில்லை, பிடுங்கி எறியுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போனார். ஒத்தாவியோவும் பிடுங்கி எறிந்தார். ஊரில் பலர் முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் ஒத்தாவியோ ஒன்றை முடிவெடுத்தால் அவருடைய தங்கை ஜெல்மினாகூட அதை மாற்ற முடியாது என்பது ஊரறிந்த விஷயம்.

அருள்மலர் அந்தப் பரணுக்குப் பொறுப்பாக இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்தாள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவள், வயது ஐம்பத்தாறு. சண்டைக் காலத்தில் கணவனோடு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு குளிர்காலத்தில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். கணவன் தவராசா இறந்து ஏழு வருஷம். மகள் தர்ஷிகா ரொறன்ரோவில் வீடு வாங்கியிருந்தாள். ஊரார் வாயில் அவளுடைய பெயர் நுழையாமல் அருமா என்று சுருங்கிவிட்டது. அவளும் அவர்களுடைய பேச்சை எப்போதோ பழகிவிட்டாள். அவர்கள் பேசுகிற வெரோனாப் பக்கத்துக் கொச்சை இப்போதெல்லாம் அவளுடைய காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். கீழே அவர்கள் பேசுவதாக வருவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரணில் சாட்சிப் பெட்டி என்று ஒன்று இருக்கும். பரப்பிய முதல் நாளே ஆறு கிலோ பழத்தை நிறுத்து, அந்தப் பெட்டியில் போட்டு, சிவப்பு நூல் கட்டி வைப்பார்கள். அதைக் கிழமைக்கு ஒருமுறை நிறுத்தால் மொத்தப் பரணும் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறுப்பதும் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதும் அருள்மலரின் வேலை. அந்த வருஷம் முதல் திங்கள் ஆறு கிலோ என்று எழுதினாள். இரண்டாவது திங்களும் ஆறு. மூன்றாவது திங்களும் ஆறு. பழங்களைத் தொட்டுப் பார்த்தால் அன்று காலை பறித்ததுபோலக் குளிர்ந்து விறைப்பாக நின்றன. தராசில்தான் கோளாறு என்று நினைத்துத் தானே அதில் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு காட்டியது, அது சரி. கூடவே தட்டி திருப்பிக்கொண்டிருந்த ஜெல்மினாவை ஏறச் சொன்னாள். எழுபத்திரண்டாக இருந்தவள் அறுபத்தெட்டு.

ஜெல்மினாவுக்கு வாயெல்லாம் பல். தான் இரண்டு மாதமாகக் முட்டைக்கோஸ் இலை தின்றதன் பலன் என்று சொல்லி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அண்ணன் ஏறினார், எண்பத்தொன்று எழுபத்தாறாகியிருந்தது. இடுப்புப் பட்டியில் துளை மாறவில்லை, கன்னம் ஒட்டவில்லை, ஆனால் எடை இல்லை. சத்தம் கேட்டு இறைச்சிக் கடைக்காரர் வந்தார், அவருக்குப் பின்னால் தபால்காரி வந்தாள், மத்தியானத்துக்குள் பாதி ஊர் பரண் படியில் வரிசையில் நின்றது. யாரும் மெலியவில்லை, எல்லோரும் குறைந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே வீதத்தில் குறைந்திருந்தார்கள். ஒத்தாவியோ சுவரில் போன வருஷம் எழுதியிருந்த எண்களைப் பார்த்து, மூன்றாவது கிழமையில் பழம் இழக்க வேண்டிய அளவைத்தான் ஊர் இழந்திருக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வேறு ஊராக இருந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருப்பார்கள். பியெத்ரால்தா மேயர் அன்று மாலையே கூட்டம் போட்டு, இது எங்கள் வீட்டு விஷயம், கீழே பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தெரிந்தால் வைன் விலையோடு சேர்த்து எங்களையும் கேலி செய்வார்கள், ஆகையால் காதும் காதும் வைத்தாற்போல் இருப்போம் என்று கேட்டுக்கொண்டார். வைத்தியர் தன் ஏட்டில் பருவகால எடைக்குறைவு என்று எழுதி, ஆளுக்கு இரண்டு கிலோ ஆற்றுக்கல் காலையும் மாலையும் சட்டைப் பையில் என்று மருந்துச்சீட்டு கொடுத்தார். பங்குத் தந்தை ஃபிர்மீனோ ஞாயிறு பிரசங்கத்தில், மாவாலைக்காரனை வீட்டை விட்டுத் துரத்தி அண்டங்காக்கையையும் தூக்கணாங்குருவியையும் மட்டும் தொட்டிக்குள் வைத்துக்கொண்டால் பறக்காமல் வேறென்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒத்தாவியோ முன்வரிசையில் இருந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தையற்காரி ஒவ்வொரு உடுப்பிலும் உட்பைகள் வைத்துத் தைத்தாள். குடும்பத்துக்குக் குடும்பம் ஆற்றிலிருந்து தங்களுக்குப் பிடித்த கல்லைப் பொறுக்கி வந்தார்கள், கல்யாணம் நிச்சயமான பெண்ணும் பையனும் கல்லை மாற்றிக்கொண்டார்கள். காப்பிக் கடையில் நாற்காலிகளுக்கு வார் பூட்டப்பட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பையில் புத்தகத்தோடு உருளைக்கிழங்கும் போனது. உதைபந்தாட்டம் முடிய நேரமெடுத்தது, கோல் காப்பாளர் ஒருமுறை எழும்பினால் இறங்குவதற்குள் எதிரணி இரண்டு முறை அடித்துவிடும். ஆனால் ஐப்பசியில் ஒலிவ் பறிப்பு இரண்டே நாளில் ஏணியில்லாமல் முடிந்தது. எண்பது வயதுக்காரர்கள் தேவாலயப் படிகளை ஓடி ஏறினார்கள். அந்த வருஷச் சித்திரையில்தான் மல்தோவாவிலிருந்து வந்து சேர்ந்த கொத்தனார் பெத்ரு, ஒரு ஓடும் உடையாமல் மூன்று கூரைகளில் நடந்து ஒழுக்கு அடைத்தான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கால் கெட்டுப்போன ஜெல்மினா, நாற்பது வருஷம் கழித்துத் தெருவில் தடியில்லாமல் நடந்து, நடந்தது போதாதென்று சந்தைச் சதுக்கத்தில் ஆடவும் தொடங்கினாள். எடை குறைந்தவர்களுக்குச் சண்டை போடவும் மனம் வரவில்லை. கதவை அறைந்து சாத்த அவர்களிடம் பலம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். எப்படியோ, அப்படியொரு சந்தோஷமான இலையுதிர்காலத்தை அந்த ஊர் கண்டதில்லை.

அருள்மலர் மட்டும் ஐம்பத்திரண்டு. திங்களுக்குத் திங்கள் சாட்சிப் பெட்டியை நிறுத்து ஆறு என்று எழுதிவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரம் தானும் ஏறிப் பார்ப்பாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு. கார்த்திகை முதல் கிழமை ஒத்தாவியோவின் வேட்டை நாயைத் தூக்கி வைத்தாள், அதுவும் நாலு கிலோ குறைந்திருந்தது. அன்று பரணில் தனியாக இருந்து அழுதாள். இருபத்திரண்டு வருஷம் இவர்களுடைய பழத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி, அழுகினதைக் கிள்ளி, இவர்களுடைய செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் பாத்திரம் கழுவி, கடைசியில் நாய்க்கு வந்தது தனக்கு வரவில்லையே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஊர் வெளியே சொல்லாத ஒன்றை அந்தத் தராசு சொல்லிவிட்டதாக அவள் நம்பினாள்.

ஒருவேளை வைனில்தான் விஷயம் இருக்கிறதோ என்றும் பார்த்தாள். இத்தனை வருஷம் வைன் செய்த வீட்டில் இருந்தும் அவள் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. அப்பா அம்மா வளர்த்த விதம் அப்படி, தவராசாவும் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையில் செய்கிறேனே என்று பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, போன வருஷத்து வைனில் அரைக் கிளாஸ் ஊற்றி, கறுவாவும் புகையிலையும் புளித்த செர்ரிப்பழமும் கலந்தாற்போல் இருந்த அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தொண்டை எரிந்தது, காது சுட்டது, மத்தியானம் முழுக்க அடுப்படியில் படுத்துக் கிடந்தாள். மறுநாள் தராசு ஐம்பத்திரண்டே கால் காட்டியது.

தர்ஷிகா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். அவளுக்கு அங்கே காலை, அருள்மலருக்கு மத்தியானம். வீட்டின் கீழ்த்தளத்தில் தனி அறை, தனிக் குளியலறை, பக்கத்திலேயே கோயில், தமிழ்க் கடை, எல்லாம் சொல்லி முடித்து, மாசி முடிவதற்குள் கடுதாசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் இந்த வருஷம் விசா கிடைக்கும் என்பாள். அங்க உங்களுக்கு என்ன இருக்கு அம்மா என்று கேட்பாள். முந்திய வருஷங்களில் அருள்மலர் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். இந்த முறை தட்டிக்கழிக்கவில்லை. கடுதாசி அனுப்பு, பார்ப்போம் என்றாள். வந்த கடுதாசியை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை.

மார்கழியில் மலைக்காற்று இறங்கியது. அதற்குள் ஊர் தன் எடையில் கால் பங்குக்கு மேல் இழந்திருந்தது. ஆற்றுக்கல்லெல்லாம் அந்தக் காற்றுக்குப் போதவில்லை. தபால்காரி இரண்டு முறை தவறான வீட்டுக் கூரையில் இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னவன் ஒலிவ் மரத்தில் சிக்கிக்கொண்டு மணிக்கணக்காகக் கத்தினான். அப்போதுதான் ஊருக்கு அருள்மலரின் நினைவு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டால் காற்று ஒன்றும் செய்ய முடியாது. முதலில் ஒரு தாய் பிள்ளையைப் பிடிக்கச் சொன்னாள், பிறகு நாலு தாய்மார், பிறகு முதியவர்கள், பிறகு வெட்கத்தை விட்டு மேயரும். மணியடிப்பவர் கயிற்றை இழுத்தால் கயிறு இறங்காமல் அவர் ஏறிப் போனதால், தேவாலய மணியையும் உரும்பிராய்ச் சைவப் பெண்தான் மூன்று வேளையும் அடித்தாள். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்குப் போன காலையில் அவளுடைய இடுப்பில் ஒன்பது கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு குடும்பம். நல்லூர்த் தேரை ஆயிரம் பேர் இழுப்பார்கள், இங்கே ஊர்ச்சனத்தைத் தேர் இழுக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள், கேக் கொடுத்தார்கள், கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். அவள் சால்வையை மடித்து அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நங்கூரத்தைக் கப்பலில் ஏற்றுவார்கள், அதற்காக அது கப்பற்காரரில் ஒருவர் ஆகிவிடாது என்று நினைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. பழம் பிழிகிற நாள் வந்தது. பழம் பறித்த நாள்போலவே இருந்தது, ஊர் சரியாக மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. ஒத்தாவியோ ஐம்பத்து நாலு கிலோ. ஒருவரும் உரக்கச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது, போன எடை எங்கும் போகவில்லை, பரணில்தான் தட்டி தட்டியாகக் கிடக்கிறது. எந்தக் குலைக்குள் யாருடைய எடை என்று தெரியாமல் அதை எப்படி இயந்திரத்தில் போடுவது? நசுக்கும் இயந்திரத்தின் பல்லைப் பார்த்ததும் தபால்காரி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒத்தாவியோ இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, பழைய முறைப்படி காலால் மிதிப்போம் என்றார்.

மூன்று மரத்தொட்டிகளை நிரப்பினார்கள். முதலில் ஒத்தாவியோ ஏறி மிதித்தார். பழம் உடையவில்லை. பெத்ரு ஏறினான், இறைச்சிக் கடைக்காரர் ஏறினார், கடைசியில் பன்னிரண்டு பேர் தோளில் தோள் கோத்து நின்று குதித்தார்கள். ஒரு பழத்தின் தோல்கூடக் கீறவில்லை, குதித்தவர்கள்தான் உத்தரத்தில் தலை முட்டினார்கள். பிறகு எல்லோரும் அருள்மலர் பக்கம் திரும்பினார்கள்.

அவள் தொட்டிகளை எட்டிப் பார்த்தாள். நூற்று முப்பது பேரின் எடை அந்தத் தொட்டிகளில் கிடந்தது, தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் மூன்று கிலோவும் அதற்குள் எங்கோ இருந்தது. அவள் மாட்டேன் என்றாள். ஒத்தாவியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொப்பி தேவாலயத்தில் தவிர வேறெங்கும் கழன்றதில்லை. அருள்மலர் காலைக் கழுவி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

முதல் இரண்டு நாளும் நாளுக்கு ஒரு தொட்டி. குளிர்ந்த பழம் பாதத்தின் கீழ் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் கூடத்தில் நின்றவர்களில் யாராவது ஒருவர் மெல்ல மூச்சு விடுவார். அவள் மிகப் பொறுமையாக மிதித்தாள், விதை நசுங்கினால் கசக்கும். மூன்றாம் நாள் மற்றவர்கள் சாப்பிடப் போக, ஜெல்மினா மட்டும் தொட்டி வளையத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு விளிம்பில் இருந்தாள். இந்தப் பழம் சாறானால் தன் முழங்காலும் திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பேசாமைதான் அருள்மலருக்குப் பொறுக்கவில்லை.

"நான் போகப்போறன் ஜெல்மினா," என்றாள். "மகளிட்டைப் போறன். கடுதாசி வந்திட்டுது."

ஜெல்மினா ஏன் என்று கேட்டாள்.

"ஏனெண்டோ? இருபத்திரண்டு வருஷமா இஞ்ச கிடக்கிறன். சித்திரையிலை வந்த பெத்ருவுக்கும் குறைஞ்சுது. நாய்க்கும் குறைஞ்சுது. எனக்கு ஒரு கிராம் குறையேல்லை. இந்த ஊர் என்னை ஒரு ஆளா எண்ணேல்லை, அவ்வளவுதான். கயிறு கட்டுறதுக்கு மட்டும் நான் வேணும்."

சொல்லிவிட்டு மிதிப்பதை நிறுத்தாமல் அழுதாள். கண்ணீர் பழத்தில் விழக்கூடாது என்று புறங்கையால் துடைத்துத் துடைத்து அழுதாள். ஜெல்மினா சமாதானம் சொல்கிற இனம் அல்ல. பரண்காரி பரண்காரியிடம் கேட்கிற கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"போன வருஷத்துக் குலை ஒண்டை எடுத்து, இந்த வருஷத் தட்டியிலை போட்டால், அதிலை எடை குறையுமோ?"

"எப்பிடிக் குறையும்? அது எப்பவோ காய்ஞ்சதெல்லோ."

"அதுதான்," என்றாள் ஜெல்மினா. "நீ இஞ்ச வந்த அண்டைக்கு நான்தான் கதவைத் திறந்தனான். உன்ரை மனுசன் பெட்டி ரெண்டையும் ஒரு கையிலை வைச்சிருந்தார். நீ படியிலை நிண்டனீ. உள்ளுக்கை வரச் சொல்லி உன்ரை தோளிலை கைவைச்சன், கையிலை பாரமே தெரியேல்லை. நீ வரேக்கையே காய்ஞ்சு போய்த்தான் வந்தனீ. இனி உன்னிலை குறைய என்ன கிடக்கு?"

அருள்மலர் மிதிப்பதை நிறுத்தினாள். உரும்பிராயில் விட்ட வீடு, வன்னியில் விட்ட தம்பி, கொழும்பில் விட்ட நகை, கடலில் விட்ட பயம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. தான் எவ்வளவு இழந்துவிட்டு வந்தாள் என்பதை ஒருவரும் நிறுத்துப் பார்த்ததில்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தோளில் கைவைத்து ஒருத்தி நிறுத்திருக்கிறாள், நிறுத்துவிட்டு இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அதற்கு அவளைத் திட்ட வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மிச்சப் பழத்தை மிதித்து முடித்தாள்.

சாறு நுரைக்கத் தொடங்க ஒரு கிழமை எடுத்தது. மேலே மிதக்கிற தோலை நாளுக்கு மூன்று முறை தடியால் அமுக்கிவிட வேண்டும். ஒத்தாவியோ அமுக்கப் போனால் தடி நிற்க அவர் மேலே போவார், ஆகவே அதுவும் அருள்மலரின் வேலை. மாசி முதல் கிழமை ஒருநாள் காலை அவர் சும்மா பழக்கத்தில் தடியைப் பிடித்து அமுக்கினார், தடி இறங்கியது. அவர் தன் கால்களைப் பார்த்தார். தரையில் இருந்தன.

அன்றிலிருந்து தொட்டியில் ஒவ்வொரு குமிழாக வெடிக்க, ஊருக்கு எடை திரும்பியது. பிள்ளைகள் உருளைக்கிழங்கை வீட்டில் விட்டுப் போனார்கள், காப்பிக் கடை வார்கள் கழன்றன, ஒரு கதவு படாரென்று சாத்துப்பட்டது. தொட்டியில் வைன் மூன்றில் ஒரு பங்கு இறங்கிக் கறுத்துத் தடித்து நின்றது, எந்த வருஷத்து அமரோனேயும் அப்படித்தான் நிற்கும். ஆனால் ஒரே தொட்டிகளில் கலந்து கிடந்த எடை பிசகாமல் பிரிந்து வருமா? வரவில்லை. பங்குத் தந்தைக்கு இறைச்சிக் கடைக்காரரின் நடை கொஞ்சம் வந்துவிட்டது. மேயருக்குக் காரணமில்லாமல் மல்தோவாவில் ஒரு வீட்டின் நினைவு வந்து கண் கலங்கியது. ஜெல்மினாவின் முழங்கால் வலி ஊர் முழுக்கப் பிரிந்துபோய், எல்லோரும் மழைநாளில் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார்கள், அவளுக்கு அதில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதைப் பற்றி அவள் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை, ஞாயிறுதோறும் ஆடினாள், அவ்வளவுதான். ஒத்தாவியோ யாரும் சொல்லாமலே மொலினாராக் கன்றுகள் வரவழைத்தார். திரும்ப நடச் சொல்லி நிபுணர் கடிதம் போட்டிருந்தார் என்று ஒரு பொய்யும் சொன்னார்.

மாசி கடைசித் திங்கள், வைத்தியர் தராசை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எல்லோரையும் ஒருமுறை நிறுத்தார். நாய்களுக்கு எடை முழுசாகத் திரும்பியிருந்தது. மனிதர்கள் ஒவ்வொருவரிலும் இருநூறு கிராம் குறைவு. ஒத்தாவியோவுக்கும் இருநூறு, பெத்ருவுக்கும் இருநூறு, தொட்டில் குழந்தைக்கும் இருநூறு. வைத்தியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். எல்லோரையும் எழுதி முடித்தபின், அருமா நீயும் ஏறு என்று ஜெல்மினா அவளை முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

எழுபத்தெட்டு காட்டியது. சீலை அவளுக்கு முன்புபோலவே இருந்தது, கையில் வளையல் இறுகவில்லை. இருபத்தாறு கிலோ கூடியிருந்தாள். வைத்தியர் நூற்று முப்பதை இருநூறால் பெருக்கிப் பார்த்து, தாளைச் சுற்றி நின்றவர்களிடம் காட்டினார். தாள் கைமாறிக் கைமாறிப் போய் எல்லோரும் பார்த்து முடித்தார்கள். தங்களுடையதைத் திருப்பித் தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. தபால்காரி தன்னுடையது கவலையாகத்தான் இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள் என்றாள். பிறகு எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

அருள்மலர் வீட்டுக்கு நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் காலடிச் சத்தம் கல்லில் கேட்டது. மரப்படி அவளுக்குக் கீழே முனகியது, அவளுக்கு அது பிடித்திருந்தது. அரிசி வாளிக்குப் பின்னால் இருந்து கடுதாசியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க மாட்டாமல் தானே ரொறன்ரோவுக்கு எடுத்தாள். தர்ஷிகா வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"அம்மா, கையெழுத்து வைச்சிட்டீங்களோ? இந்தக் கிழமையோட முடியுது."

"இல்லைப் பிள்ளை. நீ கோடை விடுமுறைக்கு இஞ்ச வா, வந்து பார். நான் வரேலாது."

"ஏனம்மா? என்ன நடந்தது?"

அருள்மலர் ஜன்னலால் பார்த்தாள். கீழே தெருவில் ஒத்தாவியோ கன்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு, இடது முழங்காலை லேசாகத் தாங்கி நடந்துகொண்டிருந்தார்.

"ஊர்ச்சனத்தின்ரை சாமான் எல்லாம் என்னட்டைக் கிடக்குப் பிள்ளை," என்றாள். "அதுகளைத் தூக்கிக்கொண்டு நான் எப்பிடி வாறது?"